சைன் பொத்தானுக்குள் ஒரு தராசு

கால்குலேட்டரில் 37 என்று அடித்து ‘சைன்’ பொத்தானை அழுத்தினால் 0.6018150232 என்று பத்து இலக்கத்தில் விடை வந்து நிற்கிறது. இந்த எண் அதற்கு எப்படித் தெரியும்?

கூட்டல், பெருக்கல் என்றால் நமக்கே வழி தெரியும். இயந்திரம் அதை வேகமாகச் செய்கிறது என்று விட்டுவிடலாம். சைன் அப்படியல்ல. ‘எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகு’ என்று பள்ளியில் கற்றோம். அந்த வரையறையை மட்டும் வைத்துக்கொண்டு 37 டிகிரிக்குப் பத்து இலக்கம் கண்டுபிடியுங்கள் என்று தாளும் பேனாவும் கொடுத்தால் பலரும் தலையைச் சொறிவோம். முக்கோணம் வரைந்து அளந்தால் இரண்டு இலக்கம் தேறும், மூன்றாவது சந்தேகம்தான்.

கேட்டுப் பார்த்தால் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்று: “உள்ளே டேபிள் வைத்திருப்பார்கள்.” லாக் புத்தகத்தைப் புரட்டிப் பழகியவர்களுக்கு இது இயல்பான ஊகம். 37 டிகிரி வரிசைக்குப் போ, மினிட்டுக்கு உரிய கட்டத்தைப் பார், ‘மீன் டிஃபரன்ஸ்’ கூட்டிக்கொள். இதையே சில்லுக்குள் அடைத்துவிட்டால் போயிற்று.

ஊகம் சரிதானா என்று பார்க்க, சைன் பொத்தானைச் சட்டைப் பைக்குள் கொண்டுவந்த முதல் கருவியைத் திறந்து பார்ப்போம். அமெரிக்காவின் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 1972 பிப்ரவரியில் வெளியிட்ட ஹெச்.பி.-35 அது. பொத்தான்கள் 35, அதனால் அந்தப் பெயர். விலை 395 டாலர். கூட்டல் முதல் மடக்கை வரை அது செய்யும் எல்லா வேலைக்கும் உரிய நிரல் மூன்று சிறு நினைவகச் சில்லுகளில் அடங்கியிருந்தது. மொத்தம் 768 கட்டளைகள். ஒவ்வொரு கட்டளைக்கும் 10 பிட். (பிட் என்பது 0 அல்லது 1 எழுதும் ஒற்றை இடம்.) ஆக, கருவியின் ‘அறிவு’ முழுவதும் 7,680 பிட்.

இப்போது லாக் புத்தகத்தில் சைன் பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 90 டிகிரி, ஒவ்வொரு டிகிரிக்கும் 6 மினிட் இடைவெளியில் 10 கட்டங்கள், 900 எண்கள். ஓர் எண்ணுக்கு நான்கு இலக்கம், ஓர் இலக்கத்தை எழுத 4 பிட். பெருக்கினால் 14,400 பிட் வருகிறது. கருவியின் மொத்த நினைவகத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு! அதுவும் நான்கு இலக்கத் துல்லியத்துக்கு, சைனுக்கு மட்டும். ஹெச்.பி.-35 பத்து இலக்கம் காட்டியது. காஸ், டேன், மடக்கை, வர்க்கமூலம் எல்லாமும் சொன்னது. டேபிளுக்கு அங்கே இடமே இல்லை.

கல்லூரியில் கணிதம் படித்தவர்கள் அடுத்த ஊகத்தைச் சொல்வார்கள்: முடிவிலாத் தொடர். கோணத்தின் அடுக்குகளைக் கூட்டிக் கழித்து சைனை நெருங்கும் வழி. தாளில் அது அழகான வழிதான். ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் பெருக்கலும் வகுத்தலும் வேண்டும். ஹெச்.பி.-35இல் பெருக்கும் சுற்று என்று ஒன்றும் கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு பிட்டைக் கூட்டும் சிறிய கூட்டி மட்டுமே இருந்தது. பெருக்கல் என்றால் திரும்பத் திரும்பக் கூட்டல். ஒரு பெருக்கலுக்கு விநாடியில் பத்தில் ஒரு பங்கு பிடிக்கும். போதாததற்கு, டேனிலிருந்து கோணத்தைத் திரும்பக் கண்டுபிடிக்கும் தொடர் 45 டிகிரி அருகே ஆமை வேகத்தில்தான் விடையை நெருங்கும்.

டேபிளும் இல்லை, தொடரும் இல்லை. கையில் இருப்பது கூட்டல், கழித்தல், இலக்கங்களை ஓரிடம் நகர்த்துதல். இவ்வளவை வைத்து சைன் சொல்ல வேண்டும்.

இரண்டு தட்டுள்ள பழைய தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எடை தெரியாத பொருள். எதிர்த்தட்டில் பெரிய கல்லை வைக்கிறோம். கல் தாழ்ந்துவிட்டால் அதை எடுக்க வேண்டாம். அடுத்த சிறிய கல்லைப் பொருள் இருக்கும் தட்டில் போடுகிறோம், அதாவது கழிக்கிறோம். பொருள் தாழ்ந்தால் அடுத்த கல் எதிர்த்தட்டுக்குப் போகும். கல் சிறுத்துக்கொண்டே வர, தராசு முள் நடுவுக்கு வந்து சேரும். எந்தெந்தக் கல்லை எந்தத் தட்டில் போட்டோம் என்ற குறிப்பே பொருளின் எடை.

நம் பொருள் 37 டிகிரி. எடைக்கற்கள் கொஞ்சம் விசித்திரமானவை: 45, 26.565, 14.036, 7.125, 3.576, 1.790 டிகிரி என்று போகும். முதலில் 45: அதிகம். 26.565ஐக் கழித்தால் 18.435: குறைவு. 14.036ஐக் கூட்டினால் 32.471. 7.125ஐக் கூட்டினால் 39.596, தாண்டிவிட்டது. 3.576ஐக் கழித்தால் 36.020. 1.790ஐக் கூட்டினால் 37.810. இப்படியே முன்னும் பின்னும் அசைந்து 37ஐ நெருங்குகிறது. ஒவ்வொரு கல்லும் முந்தையதில் பாதிக்குச் சற்றே அதிகம் என்பதால் இடையில் சிக்கிக்கொள்ளும் பேச்சே இல்லை.

சரி, எதற்காக 26.565 போன்ற ஒழுங்கற்ற கற்கள்? 40, 20, 10 என்று வைத்துக்கொண்டால் என்ன? சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இந்தக் கோணங்களின் டேன் மதிப்பைப் பாருங்கள்: 45க்கு 1, 26.565க்கு 1/2, 14.036க்கு 1/4, 7.125க்கு 1/8. கோணம் ஒழுங்கற்றது, டேன் ஒழுங்கானது.

அதனால் என்ன பயன்? மையத்திலிருந்து வலப்பக்கமாகக் கிடக்கும் ஓர் அம்பை எடுத்துக்கொள்வோம். அதன் நுனிக்குக் கிடைத்தூரம், நெடுந்தூரம் என்று இரண்டு எண்கள். கணிதத்தில் இவற்றை ஆயத்தொலைகள் என்பார்கள். அம்பை 37 டிகிரி சுழற்றிவிட்டால், நுனியின் நெடுந்தூரமே சைன், கிடைத்தூரமே காஸ். ஆனால் ஏதாவது ஒரு கோணம் சுழற்ற வேண்டுமானால் அந்தக் கோணத்தின் சைன் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தேடும் பொருளையே கையில் கொடுத்துவிட்டுத் தேடு என்பது இது. டேன் மதிப்பு பாதியாக இருக்கும் கோணத்தில் சுழற்றினால் மட்டும் வேலை சுலபம்: கிடைத்தூரத்திலிருந்து நெடுந்தூரத்தின் பாதியைக் கழி, நெடுந்தூரத்தோடு பழைய கிடைத்தூரத்தின் பாதியைக் கூட்டு. அவ்வளவுதான், அம்பு 26.565 டிகிரி திரும்பிவிட்டது. அடுத்த கல்லுக்குக் கால்வாசி, அதற்கடுத்து அரைக்கால்வாசி.

நம் எண்முறையில் பத்தால் வகுக்க இலக்கங்களை ஓரிடம் வலப்புறம் தள்ளினால் போதும்: 528 என்பது 52.8 ஆகிவிடும். 0, 1 மட்டும் கொண்ட இரும எண்முறையில் அதே தள்ளல் இரண்டால் வகுத்தல். ஆகவே பாதி, கால், அரைக்கால் எல்லாம் வெறும் தள்ளல்கள். பெருக்கல் என்ற பேச்சே இல்லாமல் சைன் வந்துவிடுகிறது.

ஒரு சிக்கல் மிச்சம். இப்படிச் சுழற்றும்போது அம்பு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீண்டுவிடும். நீளம் மாறினால் விடை கெட்டுப்போகும். ஆனால் இந்த முறையில் எல்லாக் கற்களையும் தவறாமல் ஒரு முறை பயன்படுத்துகிறோம். எந்தத் தட்டு என்பது மட்டுமே மாறுகிறது. இடப்புறம் திரும்பினாலும் வலப்புறம் திரும்பினாலும் நீட்சி ஒன்றே. எனவே எந்தக் கோணமானாலும் இறுதி நீட்சி ஏறத்தாழ 1.6468 மடங்குதான். தொடக்கத்திலேயே அம்பை 0.6073 நீளத்தில் எடுத்துக்கொண்டால் முடிவில் சரியாக 1 ஆகிவிடும். எனக்கு இந்த முழு வழிமுறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். குறையை ஒவ்வொரு படியிலும் திருத்தாமல், அது எப்போதும் ஒரே அளவுதான் என்று கண்டுகொண்டு முன்கூட்டியே கழித்துவிட்டார் ஒருவர்.

அவர் ஜாக் வோல்டர். டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில், கான்வேர் நிறுவனத்தின் பொறியாளர். 1950களின் நடுவில் அந்நிறுவனம் பி-58 என்ற ஒலிவேகத்தை மிஞ்சும் குண்டுவீச்சு விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. அதன் வழிகாட்டும் அமைப்பில் கோணக் கணக்கு செய்தவை ‘ரிசால்வர்’ என்ற சுழலும் மின்னியக்கக் கருவிகள். அவற்றின் துல்லியம் போதவில்லை. அவற்றுக்குப் பதிலாக எண்முறைக் கணினி வைக்க முடியுமா என்பதே வோல்டருக்குத் தரப்பட்ட கேள்வி. 1956இல் நிறுவனத்துக்குள் அறிக்கையாக எழுதினார்; 1959இல் ஆய்விதழில் வெளியிட்டார். ‘கோர்டிக்’ என்று பெயர் வைத்தார். தமிழில் ஆயச்சுழற்சி முறை எனலாம்.

இதற்கு முன்னோடியே இல்லை என்று சொல்ல முடியாது. லண்டன் கிரஷாம் கல்லூரியில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஹென்றி பிரிக்ஸ், 10இன் வர்க்கமூலத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை எடுத்து, இப்படி 54 முறை இறங்கிப்போய் மடக்கை அட்டவணையை உருவாக்கினார். அது 1624இல் அச்சானது. பெரிய கணக்கை, முன்கூட்டியே அறிந்த சில சிறு துண்டுகளின் கூட்டாக உடைப்பது என்ற எண்ணம் அங்கேயே இருக்கிறது. ஐ.பி.எம். நிறுவனத்தின் மெகிட் 1962இல் அதே எண்ணத்தைப் பதின்ம இயந்திரத்துக்கு ஏற்றபடி எழுதினார். மடக்கைக்கும் டேனுக்கும் வர்க்கமூலத்துக்கும் ஏறத்தாழ ஒரே நிரல் போதும் என்று காட்டியது அவர் கட்டுரை.

இனி கலிபோர்னியா. 1965இல் ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனத்துக்கு வெளியாட்கள் இருவர் தனித்தனியாக வந்தார்கள். டாம் ஆஸ்பார்ன் கொண்டுவந்தது பால்சா மரப்பெட்டிக்குள் தானே கட்டிய கணக்கு இயந்திரம். பெட்டிக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார். மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் ஒன்றுபோலக் கையாளும் மிதவைப்புள்ளி முறை அதில் இருந்தது. சைன், காஸ் இல்லை. மால்கம் மெக்மில்லன் கொண்டுவந்த இயந்திரத்தில் வோல்டரின் முறைப்படி சைனும் மடக்கையும் இருந்தன, மிதவைப்புள்ளி இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் என்ன என்று கேட்டதன் விளைவுதான் 1968இல் வந்த ஹெச்.பி.-9100ஏ. மேசையில் வைக்கும் இயந்திரம், எடை ஏறத்தாழ 18 கிலோ, விலை 4,900 டாலர். அதில் ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லு ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தனித்தனி டிரான்சிஸ்டரும் டையோடும்தான். 196 படிகள் வரை நிரல் எழுதி, காந்த அட்டையில் பதிந்து வைக்கலாம்.

நிறுவனத் தலைவர் பில் ஹியூலெட் அதைப் பார்த்துவிட்டு, அடுத்தது என் சட்டைப் பையில் போக வேண்டும் என்றார். சந்தை ஆய்வு நடத்தியவர்கள் இவ்வளவு விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள் என்றார்கள். அவர் கேட்கவில்லை. அப்படி வந்த ஹெச்.பி.-35 முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. ஸ்லைடு ரூல் என்ற கணக்குக்கோல் செய்வதில் பேர்போன கியூஃபெல் அண்ட் எஸ்ஸர் 1976இல் அதன் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டது.

ஹெச்.பி.-35க்குக் கணக்கு வழிமுறைகளை எழுதியவர் டேவிட் காக்ரன். அந்தக் கருவி பதின்ம இலக்கங்களிலேயே கணக்கிட்டது. எனவே பாதியாக்கும் தள்ளல் இல்லை. பத்தால் வகுக்கும் தள்ளல்தான். கற்களும் மாறின: டேன் மதிப்பு 1, 0.1, 0.01, 0.001 உள்ள கோணங்கள். டிகிரியில் 45, 5.7106, 0.5729, 0.0573 என்று போகும். தட்டு மாற்றும் வேலையும் இல்லை. ஒரே தட்டில், தாண்டாத வரை அதே கல்லைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். 37 டிகிரிக்கு 45 வேண்டாம், 5.7106ஐ ஆறு முறை, 0.5729ஐ நான்கு முறை. அடுத்ததை ஏழு, அதற்கடுத்ததையும் ஏழு.

கையாலேயே செய்து பார்க்கலாம். கிடைத்தூரம் 1, நெடுந்தூரம் 0 என்று தொடங்குங்கள். முதல் சுழற்சிக்குப் பின் 1, 0.1. இரண்டாவதில் 0.99, 0.2. மூன்றாவதில் 0.97, 0.299. ஆறாவது முடியும்போது 0.8515, 0.5801 என்று வரும். நான்கு வகைக் கற்களையும் போட்டு 24 சுழற்சிகள் முடிந்ததும் இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.75346 கிடைக்கும். 37 டிகிரியின் உண்மையான டேன் 0.75355. இன்னும் சிறிய கல்லுக்குப் போனால் இன்னும் நெருங்கும்.

சைன் பொத்தானை அழுத்தினாலும் கருவி முதலில் டேனைத்தான் கண்டுபிடித்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் அம்பின் நீட்சி. ஒரே கல்லைச் சில வேளை ஆறு முறையும் சில வேளை சுழியமும் போடுவதால் நீட்சி இங்கே மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒன்றை மற்றொன்றால் வகுக்கும்போது நீட்சி அடிபட்டுப்போய்விடுகிறது. டேன் கிடைத்தபின் ஒரு வர்க்கமூலம், ஒரு வகுத்தல்; சைன் தயார். மொத்தம் அரை விநாடி.

இவ்வளவு இறுக்கமாக அடைத்த நிரலில் ஓட்டையும் இருந்தது. தொடக்ககாலக் கருவிகளில் 2.02க்கு இயல் மடக்கை எடுத்து, உடனே அதைத் திருப்பினால் 2.02 வருவதற்குப் பதில் 2 என்று காட்டியது. இன்றைக்கு என்றால் இரவோடு இரவாக ஒரு ‘அப்டேட்’ அனுப்பிவிடுவார்கள். அன்றைய நிரல் சில்லில் பொறிக்கப்பட்டது, அழிக்க வழியில்லை. திருத்திய சில்லுடன் மாற்றித்தருவதாக நிறுவனம் அறிவிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பிழை ஓர் உண்மையை வெளிக்காட்டுகிறது. சைன் பொத்தான் என்பதே ஒரு நிரல். நாம் அதை எழுதவில்லை, பார்ப்பதும் இல்லை, அவ்வளவுதான். பைக்குள் போகும் ‘நிரல் எழுதக்கூடிய கால்குலேட்டர்’ என்று 1974இல் ஹெச்.பி.-65 வந்தபோது நடந்தது, பயனருக்கும் அந்தக் கதவைத் திறந்துவிட்டதுதான். 100 படிகளுக்குள் நாமே நிரல் எழுதி, சிறிய காந்த அட்டையில் பதிந்து, மேல்வரிசைப் பொத்தான் ஒன்றுக்கு அதை ஒப்படைக்கலாம். 1975இல் அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்ணில் இணைந்த அப்பல்லோ-சோயுஸ் பயணத்தில் அமெரிக்க வீரர்கள் அதை உடன் எடுத்துச் சென்றார்கள்.

கதவை முதலில் திறந்தது இத்தாலி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒலிவெட்டி நிறுவனத்தில் பியர் ஜார்ஜியோ பெரோட்டோ குழுவினர் உருவாக்கிய ‘புரோகிராமா 101’ 1965இல் நியூயார்க்கில் காட்சிக்கு வந்தது. விலை 3,200 டாலர். அதன் நினைவகம் ஒரு சுருள் கம்பி. எண்கள் அதிர்வுகளாக அதில் ஓடிக்கொண்டே இருக்கும். அதற்கும் காந்த அட்டை உண்டு. நான்கு அடிப்படைக் கணக்கும் வர்க்கமூலமும் தெரியும், சைன் தெரியாது. வேண்டுமானால் அட்டையில் எழுதிச் செருக வேண்டும். சைனைக் கருவிக்குள் வைப்பதா, பயனரிடம் விடுவதா என்பதில் இரண்டு நிறுவனங்களும் எதிரெதிர் வழியில் தொடங்கின. காந்த அட்டை விஷயத்தில் ஹியூலெட்-பேக்கார்டு பிற்பாடு ஒலிவெட்டிக்குப் பணம் கட்ட நேர்ந்தது தனிக்கதை.

ஐம்பதாண்டுக்கு முந்திய ஒரு சில்லுக்குள் நடந்தது நமக்கு எப்படித் தெரியும்? காக்ரனே 1972 ஜூனில் நிறுவன இதழில் வழிமுறையை விளக்கி எழுதினார். காப்புரிமை ஆவணங்களில் நிரல் வரிகள் அச்சாயின. ஆர்வலர்கள் சிலர் பழைய சில்லுகளின் மூடியைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் படமெடுத்து, பிட் பிட்டாக வாசித்தார்கள். அந்த நிரலை இன்றைய கணினியில் ஓடவிட்டால் பழைய கருவியின் விடைகள் வருகின்றன, 2.02 பிழை உட்பட.

வோல்டரின் முறை பிறகும் ஓயவில்லை. 1980இல் வந்த இன்டெல் 8087 கணக்குச் செயலியிலும் அதன் ஒரு வடிவமே இருந்தது. பெருக்கும் சுற்றுகள் மலிவானபின் கணினிகள் பல்லுறுப்புக் கோவைகளுக்கு மாறிவிட்டன. பெருக்கல் இன்றும் விலையுயர்ந்ததாக இருக்கும் சின்னச் சின்னச் செயலிகளில் பழைய தராசு தொடர்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

கருவியைத் திறக்காமலே உள்ளே எட்டிப்பார்க்க ஒரு சோதனை உண்டு. உங்கள் வீட்டுக் கால்குலேட்டரை டிகிரி நிலையில் வைத்து, 9 அடித்து, வரிசையாக சைன், காஸ், டேன் எடுங்கள். பிறகு அதே வழியில் திரும்புங்கள்: தலைகீழ் டேன், தலைகீழ் காஸ், தலைகீழ் சைன். 9 வர வேண்டும். பல கருவிகளில் சரியாக வராது. இரண்டாம் படியில் காஸ் விடை 0.9999962727 என்று இருப்பதுதான் காரணம். முதல் ஐந்து இலக்கமும் 9 என்பதால் உங்கள் கோணத்தைப் பற்றிய தகவல் கடைசி ஐந்து இலக்கத்தில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன்பின் கருவி எத்தனை இலக்கத்தை ஒளித்து வைத்துக் கணக்கிடுகிறது, எங்கே வெட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பிழையின் உருவம் மாறும். ஒரே வகைச் சில்லு உள்ள இரண்டு மாடல்கள் ஒரே தவறான விடையைத் தரும்; பெயர்ப்பலகை வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றே என்று சேகரிப்பாளர்கள் இதை வைத்தே கண்டுபிடிக்கிறார்கள். கைப்பேசிச் செயலி கூடுதல் இலக்கம் வைத்துக்கொள்வதால் நேராக 9 காட்டி ஏமாற்றிவிடக்கூடும். மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கால்குலேட்டரில் செய்து பாருங்கள்.